அரிசி டிரம்மில் ஒரு கைத்துப்பாக்கி

முருங்கைக்காய்க் கட்டு ஒன்று, தூக்குப்போசியில் நெய், அதற்கடியில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி. என் மாமியார் குண்டடத்தில் பஸ் ஏறி, பல்லடத்தில் மாறி, திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய மஞ்சள் பையில் இருந்தவை இவ்வளவுதான். வழியில் பஸ் கண்டக்டர் அந்தப் பையைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளியிருக்கிறார். "காய் முறிஞ்சிரும், பாத்துத் தள்ளுங்க" என்று அத்தை அவரைக் கடிந்துகொண்டும் இருக்கிறார். இதையெல்லாம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே சமையல் மேடைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காய், நெய், துப்பாக்கி.

"என்னுங்கத்தை இது?"

"எங்கய்யனோடது அம்மிணி. பட்டாளத்துல இருந்து கொண்டாந்தது."

அத்தையின் தம்பி பூர்வீக வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோகிறார். சாமான்களைப் பங்கு பிரித்தபோது தங்கைமார் இரண்டு பேரும் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் கை நீட்டியிருக்கிறார்கள். துப்பாக்கியைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அத்தை மட்டும் அதை எடுத்து முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும், என் மாமியார் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் திரும்பக் கீழே வைக்க மாட்டார். நானும் அப்படித்தான். அதனால்தான் எங்களுக்குள் மாதம் ஒரு சண்டையும் மற்ற நாளெல்லாம் நல்ல சிநேகமும் இருந்தன.

பனியன் ஏற்றுமதிக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்த கோட்டா ஒழிந்த புதிது அது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தையல் யூனிட் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் ஆர்டர் பிடிப்பார், நான் செக்கிங் பார்ப்பேன். தைத்து வரும் பனியன்களில் பிசிறு, கறை, ஓட்டை பார்த்துத் தள்ளுவதும் தேற்றுவதும் என் வேலை. எங்களுக்குத் தெரிந்த துப்பாக்கிகள் இரண்டே இரண்டுதான். விலைச்சீட்டு குத்தும் டேக் கன், கறையில் மருந்தைப் பீய்ச்சும் ஸ்பாட் கன். இது மூன்றாவது.

அது கனமாக, அசிங்கமாக இருந்தது. மரப்பிடி, அதன் அடியில் ஒரு வளையம், குட்டையான குழல். குழலின் வாய் எலுமிச்சம்பழம் நுழையும் அகலம். மேலெல்லாம் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறி, எந்த உலோகம் என்றே தெரியவில்லை. அத்தையின் அப்பா காலத்திலிருந்து ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைத்து வைத்து வந்த வினை. ஏரும் மண்வெட்டியும் அரிவாளும் வரிசையாக இருக்க, அவற்றுக்கெல்லாம் முன்னால் இது உட்கார்ந்திருக்குமாம்.

அன்று மத்தியானம் யூனிட்டில் என்னோடு உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது அத்தை அவருடைய அய்யனைப் பற்றிச் சொன்னார். அவர் பர்மாப் பக்கம் சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியவர். ஆனால் அதைப் பற்றி வாயைத் திறக்காதவர். ஊரில் பையன்கள் அத்தையை நிறுத்தி, "உங்கய்யன் எத்தனை பேரைச் சுட்டாரு?" என்று கேட்பார்களாம். வீட்டில் கோழி அறுக்கும் நாளில் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்குத்தான் வருவாராம். மாரியம்மன் நோம்பிக்கு வாணம் விடும்போது கூட்டத்தில் நிற்காமல், தள்ளிப்போய் விதைக்காத வெறும் காட்டில் தனியாக நின்று, கடைசி வாணம் அணையும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். கழுத்து வலிக்கப் பார்க்கிறாரே என்று பிள்ளைகள் சிரிப்பார்களாம்.

"கொன்னு கொன்னு மனசு வெறுத்துப் போச்சாட்ட இருக்குதுன்னு நானா நெனச்சுக்குவேன். கேக்கறதுக்குப் பயம். அவரும் போயிட்டாரு." அத்தை கத்தரியைக் கீழே வைத்தார். "இது எத்தனை உசுரக் குடிச்சுதோ அம்மிணி. ஆனா எங்கய்யன் கைபட்டதுன்னு இது ஒண்ணுதான் இருக்குது. தூக்கிப் போடவும் மனசு வல்லீங்குது."

துப்பாக்கியை அரிசி டிரம்மில் அரிசிக்குள் புதைத்து வைத்தோம். அங்கேயே இருந்திருக்கும், தேர்தல் வராமல் இருந்திருந்தால்.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் செய்தி வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வரும் செய்திதான். டீக்கடையில் அதைப் படித்த என் வீட்டுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். லைசென்ஸ் இருப்பவனே ஒப்படைக்கும்போது லைசென்ஸ் இல்லாமல் அரிசிக்குள் வைத்திருப்பவன் கதி என்ன? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அம்மா, பேசாம நொய்யல்ல போட்டுரலாமா?"

"போடு சாமி. அதுக்கு முன்னாடி என்னைத் தூக்கிப் போடு."

நொய்யல் ஆற்றில் போட்டால் அன்றைக்கு எந்தச் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிறதோ அந்த நிறத்தில் துப்பாக்கி கரையேறும் என்று நான் சொன்னேன். அம்மாவும் மகனும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். ஒருவரை ஒருவர் முறைப்பதற்கு இது மேல்.

தெருக்கோடியில் ஒரு வக்கீல் இருந்தார். தூரத்து உறவு. அவர் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒளிச்சு வெக்கறதுதானுங்க தப்பு. நாமளே போய்ச் சொல்லீரலாம். பழைய மாடலா இருந்து, சுடறதுக்கு ஆகாதுன்னு ஆபீசர் எழுதிக் குடுத்துட்டாருன்னா அது பழம்பொருள் கணக்கு. ஊட்டுலயே வெச்சுக்கலாம். சுடற மாதிரி இருந்துச்சுன்னா குடுத்துட்டு வர வேண்டியதுதான். அதுக்கு மேல கேஸ் வராமப் பாத்துக்கறது என் பொறுப்பு. நாளன்னிக்குப் போலாம், எடுத்துட்டு வாங்க."

எல்லாம் சொன்ன மனிதர் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அதில் கை வைக்காதீர்கள் என்று.

திருப்பூர்க்காரர்களிடம் அதை எழுதிக் கழுத்தில் மாட்ட வேண்டும். ஆபீசர் பார்ப்பார் என்ற சொல் காதில் விழுந்தால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் சரக்கைப் பார்க்க வருகிறார் என்றால் முந்தைய நாளே ஒவ்வொரு பீஸையும் விரித்து, பிசிறு வெட்டி, கறை எடுத்து, அயர்ன் போட்டு, புது மணப்பெண்ணைப் போல ஆக்கி வைப்போம். ஒரு எண்ணெய்ப் பொட்டு இருந்தால் மொத்த லாட்டும் திரும்பிவிடும். அந்தப் பயம் எங்கள் ரத்தத்தில் ஊறியது. அதனால் அத்தை துப்பாக்கியை அரிசியிலிருந்து தோண்டி எடுத்து, "இந்த லட்சணத்துல கொண்டு போயிக் காட்டுனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்று கேட்டபோது, எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது.

செக்கிங் மேசைமேல் பழைய பனியன் துணியை விரித்தோம். முதலில் ஸ்பாட் கன்னை எடுத்து நான் சந்தன அடுக்குமேல் மருந்து பீய்ச்சினேன். துப்பாக்கியைத் துப்பாக்கியால் சுட்ட ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். அடுக்கு ஊறிப் பெயர்ந்து வந்ததும் அடியில் ஏறியிருந்த கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு கீற்று மின்னியது. அத்தை முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். "பித்தளை அம்மிணி. அவளுக ரண்டு பேரும் அண்டாவுக்கு அடிச்சுக்கிட்டாளுக, பித்தளை இங்கல்லோ இருக்குது." அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. புளி வந்தது, சாம்பல் வந்தது, காலர் தேய்க்கும் பிரஷ் வந்தது. தேய்க்கத் தேய்க்க ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் சில எண்களும் தெரிந்தன. இறுகிக் கிடந்த மூட்டுகளுக்கெல்லாம் மெஷினுக்கு விடும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சாயங்காலம் ஒரு தாழ்ப்பாளை அழுத்தியதும் குழல் தானாக மடிந்து திறந்தது. மூடி, விசையை இழுத்தேன். 'டிக்' என்றது. சுத்தமான, திடமான சத்தம்.

நானும் அத்தையும் கை தட்டினோம். என் வீட்டுக்காரர்கூட, "அட, நல்லாயிருக்குதே" என்றார். ஈரத்தை இழுக்கும் சின்னப் பொட்டலம் ஒன்றோடு பாலி பேக் உறையில் வைத்து, ஒட்டுவதற்கு வேறு ஏதும் இல்லாததால் 'செக்கிங் ஓ.கே.' ஸ்டிக்கரை ஒட்டி, அளவான அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

வக்கீல் பெட்டியைத் திறந்தார். பாலி பேக்கைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். துப்பாக்கியை எடுத்து விசையை இழுத்தார். டிக்.

"இது முன்னாடி இப்படி இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க, துருப்பிடிச்சு அசையாமக் கெடந்துச்சு. நாங்கதான் சரி பண்ணுனோம்" என்றார் அத்தை, பாராட்டை எதிர்பார்த்து.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அசையாமக் கெடந்தா வேலை சுலுவா முடிஞ்சிருக்குமுங்க. செத்துக் கெடந்ததுக்கு உசுரு குடுத்துட்டு, செத்துப்போச்சுன்னு எழுதிக் கேக்கப் போறமா?"

அத்தையின் முகம் வாடிவிட்டது. தேய்த்த கை என்னவோ அவருடையது. ஆனால் எண்ணெய் விட்ட கை என்னுடையது. இருவரும் சேர்ந்து அவருடைய அய்யனின் கடைசிப் பொருளை அவரிடமிருந்து பிடுங்கிக் கொடுக்க அத்தனை பாடுபட்டிருக்கிறோம். பழையபடி துருப்பிடிக்க வைக்க வழி உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வக்கீல் பெட்டியை மூடினார்.

காவல் நிலையத்தில் நினைத்த அளவுக்குப் பயமாக இல்லை. அதிகாரி குழலின் வாயைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பீரங்கிக்குட்டியா?" என்றார். வக்கீல் எழுதிக் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டு, துப்பாக்கியையும் வைத்துக்கொண்டார். இதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் கோயம்புத்தூர் ஆயுதக் கிடங்கில் இருக்கிறார், அவர் பார்க்கும்போது நீங்களும் வரலாம் என்றார். அந்த நாள் வரும்வரை அத்தை என்னிடம் ஒரு சண்டைகூடப் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிடங்கில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தலை நரைத்த போலீஸ்காரர். வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டுவதுதான் அவர் உத்தியோகம். நாங்கள் மூவரும் வக்கீலும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் ஸ்டிக்கரைப் படித்தார். பிறகு பளபளக்கும் பித்தளையைப் பார்த்தார். தன் வீட்டில் களவு போனதுபோல ஒரு முகம்.

"இதை யாரு விளக்குனது?"

"நான்தானுங்க சாமி" என்றார் அத்தை.

"புளி போட்டா?"

"ஆமாங்க."

"பழசு சேக்குதவன் எவனும் இதைப் பாத்தான்னா அழுதுருவான், பெரியம்மா. அந்தக் கறுப்புக்குத்தான மதிப்பே. அது ஏறுததுக்கு அம்பது அறுவது வருசம் ஆவும். ஒரே நாள்ல தேச்சுத் தள்ளிட்டியளே."

இப்படியாக, சட்டத்தின் கண்ணிலும் நாங்கள் கெடுத்துவிட்டோம், சேகரிப்பவர் கண்ணிலும் கெடுத்துவிட்டோம். செக்கிங்கில் இதற்கு மேல் ஒரு ரிஜெக்ட் இல்லை. அவர் தாழ்ப்பாளை அழுத்திக் குழலைத் திறந்தார், மூடினார், விசையை இழுத்தார். டிக். "நல்லாவே வேலை செய்யுது" என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அந்த மனிதர் குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தார். நாங்கள் தேய்த்ததில் வெளியே வந்த அம்புக்குறியையும் எண்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது.

"பெரியம்மா, உங்க அப்பா பட்டாளத்துல என்ன வேலை பாத்தாவ?"

"தெரியாதுங்க. சொல்ல மாட்டாரு."

"இதைக் கொண்டு எத்தனை பேரைச் சுட்டதாச் சொன்னாவ?"

அத்தை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுவுந் தெரியாதுங்க. நான் கேட்டதில்லீங்க."

"கேட்டிருந்தா ஒருத்தருமில்லன்னு சொல்லியிருப்பாவ. இதுக்குக் குண்டே கிடையாது. உள்ள பாருங்க, வழுவழுன்னு தகரக்குழாய் மாதிரி இருக்கு. நெசக் குண்டைப் போட்டா போட்டவன் கைதான் போவும். இது பட்டாளத்துல வெளிச்சம் போடுத துப்பாக்கி. இருட்டுல வானத்தைப் பாத்து அடிச்சா, மேல போயி பச்சையோ செவப்போ வெள்ளையோ ஒரு வெளிச்சம் எரியும். நாங்க இங்க இருக்கோம், ஆள் வேணும், இங்க அடிபட்டுக் கெடக்காவன்னு சொல்லுதது. அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் கூட்டிட்டுப் போவ வருவாவ."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். புரியவில்லையோ என்று நினைத்து அவர், "கோயில்ல வாணம் விடுவாங்கள்ல, அதே மாதிரிதான்" என்றார்.

வாணம் என்ற சொல் விழுந்ததும் நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். வெறும் காட்டில் தனியாக, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்ற ஒரு மனிதரிடம். அத்தை அழுதார். நாலு பேர் நிற்கிற இடம் என்று பார்க்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அந்தப் போலீஸ்காரர் பதறிப்போய் எழுந்து தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

"எங்கய்யன் வாணம் உட்டவராம் கண்ணு" என்று தன் மகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "உன்ற அப்புச்சி வாணம் உட்டவராம்."

அதன் பிறகு நடந்தது எல்லாம் சுலபம். இப்படிப்பட்ட பழைய மாடலுக்கு வெடி இப்போது கிடைப்பதே இல்லை என்றும், உள்ளே அடிக்கும் ஊசியைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் காட்சிப்பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ள ஆட்சேபம் இராது என்றும் அவர் தன் கருத்தை எழுதினார். எண்ணும், வெள்ளைக்காரப் பட்டாளத்து முத்திரையான அந்த அம்புக்குறியும் தெளிவாகத் தெரிந்ததால்தான் உறுதியாக எழுத முடிந்தது, சந்தனத்தோடு வந்திருந்தால் பார்த்து முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகியிருக்கும் என்று அவரே சொன்னார். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கிளம்பும்போது அந்தப் போலீஸ்காரர், "பெரியம்மா, இனிமே புளி கிளி போட்டுராதிய" என்றார். அத்தை பயபக்தியோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ஒரு துளியும் நம்பவில்லை.

வீடு திரும்பிய அன்று மாலை அத்தை என்னோடு சண்டை போட்டார். குழம்பில் உப்பு இல்லையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. செக்கிங் பார்க்கிறவளின் கண் அது, நல்ல பீஸிலும் ஓட்டை தேடும். வெளிச்சத் துப்பாக்கி வைத்திருந்தவர் பட்டாளத்துக்காரர். நிஜத் துப்பாக்கி ஒன்றும் அவர் தோளில் தொங்கியிருக்குமே. அதை அத்தை யோசிக்கவில்லையா? யோசிக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

தேர்தல் எல்லாம் முடிந்து, தாள்கள் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி, ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், ஊசி கழற்றிய துப்பாக்கி திரும்பக் கிடைத்தது. கோயம்புத்தூரில் வாங்கிக்கொண்டு நானும் அத்தையும் பஸ்ஸில் வந்தோம். அதே மஞ்சள் பை. ஆனால் இந்தத் தடவை அத்தை அதைக் காலடியில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். பையின் வாய் திறந்தே இருந்தது, வேண்டுமென்றேதான். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எட்டிப் பார்க்காமல் எத்தனை தூரம் தாங்குவார்?

"பித்தளையாட்ட மின்னுது, என்னுங்க அது?"

அத்தை காத்திருந்தது அதற்குத்தான். வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கூடவே போலீஸ் கொடுத்த தாளையும் எடுத்துக் காட்டி, "எங்கய்யனோடதுங்க. பட்டாளத்துல இருட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளிச்சம் போடறது" என்றார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் வந்து நின்றார். பர்மா, பச்சை, சிவப்பு, வாணம் என்று அத்தை முழுக் கதையையும் சொல்லி முடித்தார். புளியை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்து அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். நான் இத்தனை மாதமாக விழுங்கி வைத்திருந்த அதே கேள்வி.

"பட்டாளத்துல இருந்தவருன்னா, சுடற துப்பாக்கியும் வெச்சிருந்திருப்பாருங்களே?"

நான் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை கொஞ்சமும் தடுமாறவில்லை. முந்தானையால் குழலை ஒரு தடவை துடைத்தார்.

"வெச்சிருந்திருப்பாருங்க. ஊட்டுக்குக் கொண்டாந்தது இதைத்தானுங்க."